லண்டனில் ஓடிய ரேஸ் வண்டிக்கு ஒரகடத்தில் மறுபிறவி! இஷ்டத்துக்கு மாற்றினால் ஆபத்து

பார்த்தால் 1960-ம் வருட வண்டி. பிறந்ததோ நம்ம ஒரகடத்தில்!

என்பீல்டு கம்பெனியின் "கான்டினென்டல் ஜி.டி." மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறோம்.

அந்தக் காலத்து லண்டன் வாலிபர்களுக்கு, காபிக்கடைக்குக் காபிக்கடை ரேஸ் விடுவதுதான் பொழுதுபோக்கு. வேண்டாததைக் கழற்றி எறிந்தார்கள். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள். குனிந்து படுத்தபடி பறந்தார்கள். இதைப் பார்த்த இங்கிலாந்து என்பீல்டு கம்பெனி, தானே அந்த மாதிரி 250 சி.சி. வண்டி செய்து விற்றது.

தாத்தா முகம்

தாய்க் கம்பெனி 1970 வாக்கில் படுத்துவிட்டது. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. 2013-ல் ஒரகடம் தொழிற்சாலை வந்தது. அதே வருடம் பழைய ஜாடையில் 535 சி.சி. ஜி.டி. வெளிவந்தது. 2018-ல் 648 சி.சி., இரட்டை சிலிண்டர். தாத்தா முகம், பேரன் எஞ்சின்!

ரூ.5 ஆயிரம்

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? சீட், சைலன்சர், கலர் என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள்.

உஷார்! ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் என்றார்கள். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

கழற்றி மாட்டியதால்தான் இந்த ரகமே பிறந்தது. என்ன செய்வது, ஆர்.டி.ஓ.விடம் அந்தக் கதை எடுபடாதே!