பைக் சாவி உடைந்தால் துண்டு ஏன் உள்ளே சிக்குகிறது?

ஹேண்டில் லாக் போடும்போது சாவியை அழுத்தியபடியே திருப்புகிறோம். முறுக்கு விசை முழுவதும் சாவியில் ஆழமாக வெட்டிய பள்ளத்தில் குவிகிறது. அங்கேதான் உலோகம் மெலிந்திருக்கும். பல ஆண்டுகள் திருப்பித் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, ஒருநாள் முறிகிறது.

துண்டு சிக்குவதற்குக் காரணம் பூட்டின் அமைப்பு. உள்ளே சுழலும் உருளையில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் தள்ளுகிறது. சாவியின் பள்ளங்களில் அவை உட்கார்ந்திருக்கும். உருளை திரும்பிய நிலையில் வெளிக்கூட்டின் சுவர் தகடுகளை அசையவிடாது. ஆகவே துண்டை இழுத்துப் பயனில்லை. முதலில் மெல்லிய திருப்புளியால் உருளையை மெதுவாக, சாவி வெளிவரும் நிலைக்குத் திருப்ப வேண்டும். பாதி வேலை இதுதான்.

பிறகு சிறிது கிராஃபைட் தூள் அல்லது மசகு ஸ்பிரே. மெல்லிய ரம்பப் பிளேடை, பற்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, சாவியின் வெட்டுப் பக்கமாகச் செருகுங்கள். லேசாகத் திருப்பினால் பல் பள்ளத்தில் கொக்கிபோல் மாட்டும். நேராக இழுங்கள். முனை வெளியே தெரிந்தால் இடுக்கியே போதும்.

சூப்பர் க்ளூ மட்டும் வேண்டவே வேண்டாம். அது தகடுகளுக்கிடையே வழிந்து இறுகினால் பூட்டையே மாற்ற வேண்டிவரும். கையிலுள்ள பாதியையும் உள்ளே திணிக்காதீர்கள். துண்டு இன்னும் ஆழத்துக்குப் போகும்.

இரண்டு துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். அவற்றைப் பொருத்திவைத்தே பூட்டுக்காரர் புதுச் சாவி வெட்டித் தருவார்.