பூட்டிய திரையும் அவசரச் சிகிச்சையும்

பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகளின் படங்கள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றைப் பலரும் இன்று டேப்லெட்டிலோ கைபேசியிலோ சேமித்து வைக்கின்றனர். அவற்றைக் கடவு எண்ணால் பூட்டுவது அவசியம். எனினும் உயிர்காக்கும் தகவல் அப்பூட்டுக்குள் சிக்கிக்கொள்ளவும் கூடாது.

கடவு எண்ணை அமைத்தல்

ஆண்ட்ராய்டு கருவியில் 'செட்டிங்ஸ்' சென்று 'செக்யூரிட்டி' அல்லது 'லாக் ஸ்கிரீன்' பகுதியையும், ஐபேடில் 'பாஸ்கோடு' பகுதியையும் திறந்து எண்ணைப் பதிய வேண்டும். நான்கு இலக்கத்தில் 10,000 எண்களே அமையும். ஆறு இலக்கத்தில் 10 லட்சம் அமையும். பிறந்த தேதி, வண்டி எண் ஆகியவற்றைத் தவிர்க்கவும். பூட்டிய திரையிலும் வங்கியின் ஓடிபி தெரியக்கூடும் என்பதால், அறிவிப்புகளின் உள்ளடக்கத்தை மறைத்து வைக்கவும்.

விரல்ரேகையை மட்டும் நம்ப வேண்டாம். கருவியை அணைத்து இயக்கினால் அது கடவு எண்ணையே கேட்கும். மேலும், சுமை தூக்கியும் வலை இழுத்தும் ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி அறியத் தவறலாம்.

பூட்டுக்கு வெளியே இருக்க வேண்டியவை

பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துவது வழக்கம். நோயாளி வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவராயின், அது மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். பேச இயலாத நோயாளியின் மருந்து விவரம் பூட்டிய கைபேசிக்குள் இருந்தால், மருத்துவர் அதை எவ்வாறு அறிவார்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கிய வேளையில், எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய இரவில் மருந்துக் கோப்பைத் தேட நேரம் இராது.

ஆகவே கைபேசியின் அவசரத் தகவல் பகுதியில் நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, உறவினரின் எண் ஆகியவற்றைப் பதிந்து, பூட்டிய நிலையிலும் தெரியுமாறு அமைக்கவும். 'எமர்ஜென்சி' பொத்தான் வழியாக எவரும் அதைக் காணலாம். இதே விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையிலும் வைத்திருங்கள்.

எண் மறந்துவிட்டால்

தவறான எண்ணைத் தொடர்ந்து பதிந்தால், காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். இறுதியில், பெரும்பாலும் கருவியிலுள்ள அனைத்தையும் அழித்தே மீண்டும் திறக்க நேரிடும். எனவே மருத்துவ ஆவணங்களின் மூலப்பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கவனிப்போருக்கு

நினைவாற்றல் குறையத் தொடங்கியவரிடம், அவர் தெளிவாக இருக்கும்போதே கலந்து பேசி, அவர் நம்பும் ஒருவர் எண்ணை அறிந்துகொள்வது நன்று. அதை உறையிலிட்டு வீட்டு ஆவணங்களுடன் வைக்கலாம். கருவியின் பின்புறம் ஒட்டக் கூடாது. கவனிப்பவர் மாறினால் எண்ணையும் மாற்றுங்கள். நோயாளி மயங்கியிருக்கையில் அவரது விரலை வைத்துக் கருவியைத் திறப்பது முறையன்று. கருவி தொலைந்து பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, அவசரத் தகவலில் பதிந்த மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் பட்டியலும் மாற வேண்டும்.