பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: இணைவு உலைக்குள் இருக்கும் செப்புச் சுருள்கள்

சென்ற தவணை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ‘பூமியில் ஒரு சூரியன்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். எல்லோரும் 15 கோடிப் பாகை வெப்பத்தைப் பற்றியே எழுதினார்கள். ஒருவன் மட்டும் எழும்பி, “சேர், அந்தக் காந்தம் உடைஞ்சா என்ன செய்யிற?” என்று கேட்டான். தமிழ் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? இரண்டு நாள் பொறு என்றேன். இரண்டு மாதமாயிற்று. தேடியபோது அகப்பட்டதையே இங்கே தருகிறேன்.

தெற்குப் பிரான்சில் கட்டப்படும் ‘ஈட்டர்’ உலையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா ஆகியவை கூட்டாகக் கட்டுவது. ஐதரசனின் இரண்டு சமதானிகளைப் பிளாஸ்மாவாக்கி ஒன்றோடொன்று இணைய வைப்பதே நோக்கம். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தப் புலத்தால்தான் ஏந்த வேண்டும். அதற்கான பெரிய மீகடத்திக் காந்தங்கள் வெற்றிடக் கலத்துக்கு வெளியே இருக்கின்றன.

பெரியவை நிதானமானவை. பிளாஸ்மா அப்படியல்ல. நெடுக்காக இழுத்து வைக்கப்பட்டிருப்பதால் மேலேயோ கீழேயோ திடீரென வழுகப் பார்க்கும். அதன் விளிம்பும் இடைக்கிடை வெடித்துச் சுவரைச் சுடும். உடனே தடுக்க வேண்டும். ஆனால் வெளியே இருந்து புலத்தை விரைவாக மாற்றினால், கலத்தின் தடித்த உருக்குச் சுவர் அதைத் தாமதப்படுத்திவிடும். ஆகவே 2007 இல் நடந்த வடிவமைப்பு மீளாய்வுக்குப் பின்னர், கலத்தின் உட்சுவரிலேயே சுருள்களை வைக்கத் தீர்மானித்தார்கள். விளிம்பு வெடிப்பை அடக்க 27, மேல்கீழ் வழுகலைத் தடுக்க 2. வீடு கட்டி முடியப் போகிற நேரத்தில் அறை கேட்ட கதைதான். கிடைத்த இடுக்கில்தான் பொருத்த வேண்டியிருந்தது.

இனிப் பலத்துக்கு வருவோம். 27 சுருள்களில் ஒவ்வொன்றும் 6 சுற்றுக் கொண்டது. ஒரு சுற்றில் 15,000 அம்பியர் வரை ஓட்டம் பாயும். அந்த இடத்தில் பெரிய காந்தங்களின் புலம் ஏறத்தாழ 4 தெஸ்லா. புலத்துக்குக் குறுக்கே செல்லும் ஒரு மீற்றர் கடத்தியில் 60,000 நியூற்றன் விசை விழும், அதாவது சுமார் 6 தொன் பாரம். ஆறு சுற்றுக்கும் 36 தொன். புலத்தின் வழியே செல்லும் பகுதிகளில் இந்த உந்தல் இல்லை. ஆகவே ஒரே சுருளின் ஒரு பக்கம் நசிய, மறுபக்கம் சும்மா இருக்கும்.

இதுவும் ஒரே திசைப் பாரமானால் பரவாயில்லை. ஓட்டம் செக்கனுக்கு 5 தரம் வரை முன்னும் பின்னும் மாறலாம். விசையும் கூடவே திசை மாறும். 400 செக்கன் நீடிக்கும் ஓர் இயக்கத்தில் 2,000 சுழற்சி, ஆயிரம் இயக்கத்தில் 20 இலட்சம். மேசன்மார் கட்டுக்கம்பியை வெட்டக் குறடு தேடுவதில்லை. நாலைந்து தரம் முன்னும் பின்னும் வளைக்க அது தானாக முறியும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் சொல்லுக்குக் களைப்பு என்றே பொருள். உலோகமும் களைக்கும் என்பது எனக்குப் பிடித்த சொல்லாட்சி.

கடத்தியின் அமைப்பும் வழமையானதல்ல. கிட்டத்தட்ட 6 சென்ரிமீற்றர் தடிப்பு. நடுவே தண்ணீர் ஓடும் துளை, அதைச் சுற்றிச் செப்பு, அதற்கு மேல் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள், வெளியே கறையில் உருக்கு உறை. பிளாத்திக்கு, பிசின் போன்ற காவலிகள் நியூத்திரன் கதிர்ப்பில் சிதைந்துபோகும், அதனால்தான் தூள். நம்மட வீட்டு மின்கேத்தலின் சூடாக்கிக்குள்ளும் இதே தூள்தான் இருக்கிறது. ஆனால் தூளுக்குச் சொந்தப் பலம் கிடையாது. செப்பின் மேல் விழும் விசை தூளைக் கடந்து உறைக்கும், உறையிலிருந்து தாங்கிகளுக்கும், அங்கிருந்து கலச்சுவருக்கும் போய்ச் சேர வேண்டும். தூள் எங்காவது தளர்ந்திருந்தால் உள்ளே செப்பு ஆடத் தொடங்கும்.

அப்படியானால் தாங்கிகளைத் தடிப்பாக, நெருக்கமாக வைத்து இறுக்கினால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கேதான் சிக்கல். மூன்று மீற்றர் உறை 50 பாகை சூடேறினால் சுமார் இரண்டரை மில்லிமீற்றர் நீளும். நீளவிடாமல் முற்றாகப் பிடித்தால், உள்ளே எழும் தகைப்பு உருக்கு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் எல்லைக்குக் கிட்டப் போய்விடும். அதைவிட மோசம், நியூத்திரன்கள் எல்லா உலோகத்தையும் ஊடுருவி உள்ளிருந்தே சூடாக்கும். கடத்திக்குள் தண்ணீர் ஓடுகிறது, தாங்கிக்குள் இல்லை. தாங்கியைத் தடிப்பாக்கினால் அது இன்னும் சூடாகும், வெப்பத் தகைப்பும் கூடும். பலப்படுத்தப் போய்ப் பலவீனப்படுத்துகிற வேலை.

கரையில் வள்ளம் கட்டுகிறவர்களுக்கு இது விளங்கும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் அலைக்கு அறும், தளர்த்தினால் வள்ளம் மோதும். பொறியியலாளர்களும் நேர்ப்பகுதிகளை இறுக்கிப் பிடித்து, மூலைகளைச் சற்று இளகவிடும் வழிகளைக் கணினியில் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, உடைஞ்சா? சுருள்களை மறைத்தபடி 440 கவசக் கட்டிகள் நிற்கும். சில 4 தொன்னுக்கும் மேல். இணைவு தொடங்கிய பிறகு கதிர்ப்புக் காரணமாக மனிதர் உள்ளே போக முடியாது; இயந்திரக் கைகளால்தான் கட்டிகளைக் கழற்ற வேண்டும். ஆகவே மேல்கீழ் வழுகலைத் தடுக்கும் இரண்டு சுருள்களிலும் நான்கு சுற்றுக்கும் தனித்தனியே இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று பழுதானால் அதைத் துண்டித்துவிட்டு மூன்றை வைத்து ஓட்டலாம்.

இதை அவனிடம் சொன்னேன். “அப்ப மத்த மூன்றுக்கும் பாரம் கூடுமே, சேர்?” என்றான். கூடும்தான். அந்தக் கூடுதல் ஓட்டத்தையும் சேர்த்தே அவற்றின் பலத்தைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.