புல்நீலனும் கண் ஈயும்

கூமாப்பட்டி பக்கம் கண்மாய்க் கரையில் நீர்முள்ளி மண்டிக் கிடக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். தரையை ஒட்டியே பறக்கும் ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி தென்படும். சிறகை விரித்தால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நம் நாட்டின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றான சிறு புல்நீலன் இது. உட்கார்ந்து சிறகை மூடியதும் நீலம் மறைந்துவிடும். வெளிர்சாம்பலில் கரும்புள்ளிகள் மட்டும் தெரியும். நீர்முள்ளியில் முட்டையிடும்.

குனிந்த முகத்தைத் தேடி இன்னொன்றும் வரும். கண்ணோரத்தில் மொய்க்கும் பொடி ஈ, அதாவது கண் ஈ. உடல் நீளம் 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கடிக்காது. கண்ணீர், பீளை, வியர்வை, புண்ணில் கசியும் நீர் இவையே அதற்கு உணவு.

புல்நீலனுக்குச் செதில் போர்த்திய நான்கு சிறகுகள். ஈக்குக் கண்ணாடிபோல் இரண்டே சிறகுகள். பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிறு குமிழ்கள் துடிக்கும். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவைதான் உணர்த்தும். விரட்டிய கை இறங்குமுன் அது திரும்பி வந்துவிடுவதில் இந்தக் குமிழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் ஒன்று தேனுக்கு, மற்றது அழுக்குக்கு என்று பிரிப்பது சரியல்ல. தேனில் சர்க்கரை உண்டு, உப்பு மிகக் குறைவு. அதனால் பல வண்ணத்துப்பூச்சி இனங்களின் ஆண்கள் ஈரமண்ணிலும் மாட்டு மூத்திரம் விழுந்த இடத்திலும் கூடி உறிஞ்சும். இணை சேரும்போது அந்த உப்பில் ஒரு பங்கு பெண்ணுக்குப் போகிறது. அமேசான் காட்டில் ஆமையின் கண்ணீரையே குடிக்கும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. கண் ஈ நம் கண்ணில் தேடுவதும் உப்பையும் புரதத்தையும்தான்.

தொல்லை, அது ஒரு கண்ணோடு நிற்காததுதான். நோயுள்ள கண்ணில் அமர்ந்த கால்களோடு அடுத்த குழந்தையின் கண்ணுக்குத் தாவும். கண்வலிக் கிருமியும் கூடவே போகும்.

கழிவு கலந்த ஈரமண்ணில் கண் ஈ பெருகும். பொழுது சாய்ந்தால் தொங்கும் கயிறு, ஒட்டடை, வயர் இவற்றில் கொத்துக்கொத்தாக அடையும். அதை ஒழிக்க வரப்பெல்லாம் மருந்து அடித்தால் புல்நீலனும் சாகும். தொழுவத்தைக் காயவிடுங்கள், ஒட்டடை அடியுங்கள், கண்வலி வந்தவருக்குத் தனித்துண்டு கொடுங்கள். கண்மாய்க் கரை நீர்முள்ளியை விட்டுவையுங்கள்.