உங்களுக்குத் தெரியுமா? சாட்சி சொல்லப் போகும் முன்

● சினிமாவில் கீதை மேல் கைவைத்துச் சத்தியம் செய்வார்கள். நம் நீதிமன்றங்களில் அந்த வழக்கம் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கடவுளின் பெயரால் ஆணையிடலாம். வேண்டாம் என்பவர் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.

● “ஒருத்தி சொன்னா எடுபடுமா?” எடுபடும். இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் எண்ணிக்கை கேட்பதில்லை. 1957இல் சென்னை மாநிலக் கொலை வழக்கு ஒன்றில் ஒரே சாட்சியை நம்பித் தண்டனை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

● “ஸ்டேஷனுக்கு வந்து ஸ்டேட்மென்ட் கொடுத்துட்டுப் போங்க” என்று போன் வந்தாலே பலருக்குக் கை நடுங்குகிறது. பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அப்படி வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். விரும்பினால் அவர்களே போகலாம். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கவும் கூடாது. நீதிபதி முன் நின்று சொல்வதுதான் சாட்சியம் என்பதால் இந்த ஏற்பாடு. மாஜிஸ்திரேட்டிடம் தரும் வாக்குமூலம் வேறு. அதில் கையெழுத்து உண்டு. அம்மா, அத்தை, பாட்டி எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

● வாய் பேச முடியாதவர் எழுதிக் காட்டியோ சைகையாலோ சாட்சி சொல்லலாம். அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும்.

● கும்பகோணம் அருகே திருப்புறம்பயத்தில் இறைவன் பெயரே சாட்சிநாதர். அங்கே வன்னி மரமும் கிணறும் லிங்கமும் சாட்சியாக வணிகப் பெண் ஒருத்திக்குத் திருமணம் நடந்தது. மதுரையில் கணவனின் மூத்த மனைவி அதை நம்ப மறுத்தபோது அந்த மூன்றும் அங்கேயே வந்து நின்றன என்கிறது திருவிளையாடற்புராணம். ஊர் பேர் தெரியாத பெண்ணின் சொல்லுக்கு ஆதாரம் கேட்கும் உலகத்தை அந்தக் கதை அன்றே அறிந்திருக்கிறது.

● மிரட்டலுக்குப் பயந்துதான் பலர் பிறழ் சாட்சியாகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமே இல்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். மிரட்டலின் கடுமையைப் பொறுத்துப் போலீஸ் காவல், வீட்டில் சிசிடிவி, போன் நம்பர் மாற்றம், வேறு ஊரில் குடியமர்த்தல், புது அடையாளம் வரை கிடைக்கும். வழக்கு முடிந்த பிறகு வரும் மிரட்டலுக்கும் இது பொருந்தும்.