மரபணுவில் மாற்றம் என்றார் டாக்டர்

பி.டி. கத்தரிக்கு எதிராகக் கொடி பிடித்த நாளிலிருந்து ‘மரபணு மாற்றம்’ என்றாலே நமக்குக் கோபம்தான் வரும். போன வருடம் அதே சொல்லை மருத்துவமனையில் கேட்டேன். அக்காவின் நாலு வயதுப் பேரனைக் காட்டி, “தலசீமியா. மரபணுவுல மாற்றம் இருக்கு” என்றார் டாக்டர்.

அக்கா என் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, அந்தப் பருத்திக்கொட்டை எண்ணெய்ப் பலகாரம் தின்னதாலயா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் குறுக்கிட்டார். வேறொரு உயிரின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் செருகுவது ஒன்று. நகல் எடுக்கும்போது என்றைக்கோ தானாக விழுந்த எழுத்துப்பிழை, வழிவழியாக வருவது வேறொன்று. இதைப் பிறழ்வு என்பார்கள். பையன் தின்ற எதனாலும் வந்ததில்லை.

டாக்டர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். நம் உடம்பின் செல்லுக்குள் 46 குரோமோசோம், அதாவது 23 ஜோடி. ஜோடியில் ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று அம்மாவுடையது. நெல்லுக்கு 12 ஜோடி. குரோமோசோம் என்பது சுருட்டி வைத்த டி.என்.ஏ. இழை. அந்த இழையில் ஒரு வேலைக்கான குறிப்பு எழுதிய பகுதிதான் மரபணு, ஜீன். மொத்த எழுத்தும் சேர்ந்தது ஜீனோம். மனிதனுக்குச் சுமார் 300 கோடி எழுத்து. 1990-இல் படிக்கத் தொடங்கி 2003-இல் பெரும்பகுதியை முடித்தார்கள். விட்டுப்போன இடங்களை நிரப்ப 2022 ஆயிற்று. (மரபணு எண்ணிக்கையில் நெல் நம்மைவிடப் பெரிய ஆள். மனிதனுக்கு 20,000 சொச்சம். நெல்லுக்கு 35,000-க்கு மேல்!)

பையனுக்குப் பிழை 11-ஆம் குரோமோசோமில், ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினைச் செய்யச் சொல்லும் மரபணுவில். ஜோடியில் ஒன்று மட்டும் பழுதானால் நோய் கிடையாது, கொஞ்சம் சோகை இருக்கலாம். அவர்களைக் ‘கேரியர்’ என்கிறார்கள். வீரிய ஒட்டுத் தக்காளியில் விதை எடுத்துப் போட்டவர்களுக்கு இது புரியும். முதல் தலைமுறையில் ஒளிந்திருந்த குணம் அடுத்ததில் தலைகாட்டும். அப்பா, அம்மா இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டும் பழுதாகிப் பிள்ளைக்கு நோய் வர. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பும் என்ற கணக்கெல்லாம் இல்லை.

அக்கா மகளை அண்ணன் மகனுக்கே கொடுத்தோம். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பையனுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். முருங்கைக்கீரை, கருப்பட்டி என்று நம் ஆட்களே வழி சொன்னார்கள். நானும் கீரை வைத்தியத்தை நம்புகிறவன்தான். ஆனால் இவனுக்கு இரும்புச்சத்துக் குறைவில்லை. ஏற்றுகிற ரத்தத்தோடு வரும் இரும்பே இதயத்திலும் ஈரலிலும் தங்கிக் கெடுக்கும். அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை தருகிறோம். டாக்டரைக் கேட்காமல் சத்து டானிக் கொடுத்துவிடாதீர்கள்.

குடும்பத்தில் எல்லோரும் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். ‘ஹெச்.பி.ஏ2’ என்ற அளவு கேரியர்களுக்கு வழக்கமாக மூன்றரை சதவீதத்தைத் தாண்டும். எனக்கு ஐந்து. சாகும்வரை இரும்பு டானிக் குடித்தும் தேறாத எங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

என் மகளை அக்கா மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. போன வாரம் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு வரட்டும் என்று ஜாதகங்களை மடித்து பீரோவில் வைத்திருக்கிறாள் என் மனைவி.