தேன்சிட்டு வருது!

ஹம்மிங் பறவையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பறந்தபடியே தேன் குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. நம் ஊரிலும் தேன் குடிக்கும் குட்டிப் பறவை உண்டு. அதுதான் தேன்சிட்டு! நீளம் சுமார் 10 செ.மீ.தான். வளைந்த அலகு. பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்தே தேன் உறிஞ்சும்.

செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை இருந்தால் தேடி வரும். மொட்டை மாடித் தொட்டிச் செடியும் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டுக் கொடிக்கம்பியில் குப்பை போல ஏதோ தொங்கியது. ஒட்டடைக் கம்பால் தட்டிவிட்டேன். ஐயோ! இரண்டு சின்ன முட்டைகள் உடைந்து கிடந்தன. நாரையும் சருகையும் சிலந்தி நூலால் ஒட்டிக் கட்டிய தேன்சிட்டுக் கூடு அது. தாய்ப்பறவை அந்தக் கம்பிக்கு வந்து வந்து கத்தியது. இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

எனவே, தொங்கும் கூட்டைத் தொடாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள். பூச்சிமருந்தும் வேண்டாம். பூச்சி, சிலந்திகளைப் பிடித்துத்தான் தேன்சிட்டு குஞ்சுகளுக்கு ஊட்டும். அகலமான மண் சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

செம்பருத்திக் குச்சி ஒன்றை இன்றே நடுங்கள். பூத்ததும் காலையில் ஜன்னலோரம் சத்தமில்லாமல் காத்திருங்கள். என்ன, செய்வீர்கள்தானே?